புகையானும் சேற்றுக் கொசுவும்

உழவர் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

நெல்லில் புகையான் (தூரில் சாறு உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி) என்றதும் "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: நட்டு இருபதாம் நாள் அந்த வயலில் என்ன அடித்தீர்கள்?

கதிர் வந்தபின் புகையானால் வட்ட வட்டமாகப் பயிர் கருகுவதற்கும் அந்த இருபதாம் நாளுக்கும் உள்ள தொடர்பு சேற்றில்தான் தொடங்குகிறது. நடவு வயலில் தொழுவுரமும் தக்கைப்பூண்டும் மக்கிக்கொண்டிருக்கும். அந்த மக்கலைத் தின்று, மனிதரைக் கடிக்காத சேற்றுக் கொசுக்களும் துள்ளும் நுண்பூச்சிகளும் பெருகும். இவை பயிரைத் தொடாது. ஆனால் ஓநாய்ச் சிலந்திக்கு முதல் மாதத் தீனியே இவைதான். 1990களில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: இயற்கை எரு கூடிய வயலில் இந்தச் சேற்றுப் பூச்சிகள் கூடின, பின்னாலேயே அவற்றைத் தின்பவையும் கூடின. புகையான் வருவதற்கு முன்பே காவல்காரன் சாப்பாடு சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறான்.

இலைச்சுருட்டுப் புழு இந்த நேரத்தில்தான் கண்ணில் படும். இலை வெளுத்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது, கை தெளிப்பானுக்குப் போகும். அந்த மருந்தில் புழுவோடு சிலந்தியும் சாகும். தூர் கட்டும் பருவத்தில் போன இலைக்குப் பயிர் வேறு இலை விட்டு ஈடுகட்டிவிடும். போன சிலந்திக்கு யார் ஈடு?

புகையானின் பிழைப்பைப் பாருங்கள். நீளச் சிறகு உள்ளவை காற்றோடு வந்து இறங்கும். தூரடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். முட்டைகளைத் தண்டைச் சுற்றியிருக்கும் இலை உறைக்குள் செருகி வைக்கும். தீனி நன்றாக இருந்தால் அடுத்த தலைமுறையில் குட்டைச் சிறகுப் பெண்கள் மிகுதியாக வரும். அவற்றால் பறக்க முடியாது. முட்டை வைப்பதே வேலை. விளக்குப்பொறியில் விழுவது நீளச் சிறகு மட்டும்தான். பொறி காலியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தால் தூரில் கூட்டம் சேர்ந்திருக்கும்.

இப்போது மருந்து அடிக்கிறீர்கள். உறைக்குள் இருக்கும் முட்டைக்கு அது எட்டாது. ஏழு முதல் ஒன்பது நாளில் குஞ்சு வெளியே வரும்போது, தின்ன ஆளில்லாத வயல் காத்திருக்கும். புகையானுக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம். சிலந்தி அந்த வேகத்தில் பெருகாது. செயற்கை பைரித்ராய்டு, குயினால்பாஸ் போன்றவற்றை அடித்த வயலில் புகையான் முன்னைவிடக் கூடுவது இதனால்தான். இந்தோனேசிய அரசு 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்ததற்குக் காரணமே புகையான்தான்.

யூரியாவும் இதில் கூட்டாளி. தழைச்சத்து மிஞ்சினால் சாறு சத்தாகும், முட்டை கூடும், பயிர் அடர்ந்து தூரில் வெயில் படாது. மேலுரத்தைப் பிரித்துப் போடுங்கள். எட்டடிக்கு ஓரடி நடாமல் பட்டம் (இடைவெளி) விடுங்கள். தூருக்குக் காற்றும் வெளிச்சமும் போகும், பின்னால் இறங்கி அடிக்கவும் வழி கிடைக்கும். தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக (வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி) கட்டுங்கள்.

வரப்பில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. வயலுக்குள் குறுக்காக நடந்து 20 குத்துகளை (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்துகளை) விலக்கி, தூரைத் தட்டுங்கள். விழுவதை எண்ணுங்கள், சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள். சிலந்தி இல்லையென்றால் தூருக்கு (குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் வரை பொறுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. 15 தூர் கட்டிய குத்தில் சிலந்தி இல்லாவிட்டால் 15, இருந்தால் 30. ஒரு சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகளைப் பிடிக்கும். இரண்டு மடங்கு சலுகை சும்மா வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. பச்சை உடலும் கறுப்புத் தலையுமாக, மெலிந்து, விறுவிறுவென ஓடும் பூச்சி ஒன்று புகையானோடு சேர்ந்தே இருக்கும். இதையும் தத்துப்பூச்சி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். அது பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி. உறைக்குள் இருக்கும் முட்டையை ஊசிபோன்ற வாயால் குத்தி உறிஞ்சுவது அதுதான். நாளுக்கு ஏழெட்டு முட்டை. மருந்து எட்டாத இடத்துக்கு அது எட்டும். முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் நுண்குளவியும் உண்டு. புகையான் தாக்கிய பயிர் விடும் வாசனையைப் பிடித்தே அது வந்து சேரும். வரப்பில் எள் பூத்தால் இந்தக் குளவிக்குத் தேன் கிடைக்கும்.

இனி மருந்து. எண்ணிக்கை தாண்டியிருந்தால் மட்டும் முதலில் தண்ணீரை வடியுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்குங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து ஒரு மூலையில் பயிரைச் சுடும், மறு மூலையில் வெறும் தண்ணீர்தான் விழும். தெளிப்பான் முனை தூரைப் பார்க்க வேண்டும். இலை நனைந்து தூர் காய்ந்திருந்தால் அடித்ததும் வீண். பத்தாம் நாள் அதே வயலில் இறங்கித் திரும்ப 20 குத்து எண்ணுங்கள். அன்று உறைக்குள் இருந்த முட்டையெல்லாம் அதற்குள் பொரித்திருக்கும்.