படிக்கட்டில் கை மாறிய கோட்டு

(வேலூரில் சட்டக் கல்லூரி முன்னாள் மாணவர்களுக்கான பாராட்டு விழாவில் பேசியது; நண்பர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்தது.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாண்பமை மாவட்ட நீதிபதி அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, வழக்கறிஞர் சங்கங்களின் தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே (பன்மையில் சொல்லிவிட்டேன், யாரையும் விட்டுவிட்டதாக நாளைக்குப் பேச்சு வரக்கூடாது), எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைத் தாமே சொல்லி முடித்துவிட்ட மூத்த வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, எந்த வழக்குக் கட்டு எங்கே இருக்கிறது என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்த குமாஸ்தா நண்பர்களே, இன்று கேடயம் பெற வந்திருக்கும் முன்னாள் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இதுவரை எனக்கு மூன்று பொன்னாடைகள் போர்த்தியிருக்கிறார்கள். வேலூர் வெயிலில் இவற்றோடு நின்று பேசுவதற்கே தனியாக ஒரு கேடயம் தரலாம்.

நான் மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, நம் முன்னாள் மாணவர்களின் சாதனை. இரண்டு, சட்டக் கல்வி போகும் திசை. மூன்றாவது என்னவென்று என்னை அறிந்தவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

விழா மலரை நேற்றிரவே படித்தேன். ஒருவர் உரிமையியல் நீதிபதி, ஒருவர் அரசு உதவி வழக்கு நடத்துநர், ஒருவர் வங்கியில் சட்ட அதிகாரி. எங்கள் காலத்தில், வேலூர் அடங்கிய பழைய வடாற்காடு மாவட்டத்துப் பிள்ளை சட்டம் படிக்க வேண்டுமென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும், 1891-இல் தொடங்கிய அந்தப் பழைய கல்லூரிக்கு. வேலூருக்கு அரசு சட்டக் கல்லூரி 2008-இல்தான் வந்தது.

வடாற்காட்டு நீதிமன்றங்களிலிருந்து என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். நீதியரசர் ஆர். பானுமதி. 1981-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தவர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தியவர். அன்று திருப்பத்தூர் நம் வடாற்காடு மாவட்டம். 1988-இல் நேரடியாக மாவட்ட நீதிபதி ஆனார், 2003-இல் உயர் நீதிமன்றம், 2014-இல் உச்ச நீதிமன்றம். நேரடி மாவட்ட நீதிபதி ஆவதற்கு அரசியல் சாசனம் கேட்பது ஏழு ஆண்டுத் தொழில் அனுபவம். 1981-க்கும் 1988-க்கும் நடுவே எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஏழு ஆண்டு ஜூனியர் வக்கீல் கையில் காசில்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டுமே, அதுதான் என் மூன்றாவது செய்தி. ‘உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பார் என் தகப்பனார். வாலாஜா பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டவர். நான் கறுப்பு கோட்டு போட்ட பிறகு அந்தப் பழமொழி எங்களுக்கும் சேர்த்துத்தான் என்று புரிந்தது.

கோட்டு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம். மாவட்டத்தில் ஒரு சிற்றூர் நீதிமன்றம். நானும் ஒரு நண்பனும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கோட்டு. அவன் நெட்டை, நான் குட்டை. கை நீளத்தை உள்பக்கம் மடித்து ஊக்குக் குத்திப் போட்டுக்கொள்வேன். கீழே முன்சீப் கோர்ட்டில் என் வேலை முடிந்ததும் படிக்கட்டில் கழற்றிக் கொடுப்பேன், அவன் மாட்டிக்கொண்டு மாடியில் சப் கோர்ட்டுக்கு ஓடுவான். ஒருநாள் ஊக்கைக் கழற்ற மறந்துவிட்டேன். ஆட்சேபிப்பதற்காக அவன் கையை நீட்ட, ஊக்கு குத்தி ‘ஆ’ என்று கத்தினான். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வியையே மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எழுப்பிய எந்த ஆட்சேபணைக்கும் அவ்வளவு பலன் கிடைத்ததில்லை.

இன்னொரு நாள் இரண்டு வழக்கும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். கோட்டு மாடியில் இருக்கிறது. டவாலி மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக உள்ளே போய் நின்றேன். முன்சீப் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “கோட்டு எங்கே?” யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: “மாடியில் வாதாடிக்கொண்டிருக்கிறது ஐயா.” பெஞ்ச் கிளார்க் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முன்சீப் சிரிக்கவில்லை. “அது வாதாடிவிட்டு வரட்டும், அப்புறம் கூப்பிடுகிறேன்” என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்றிரவு சிரித்தோம். எங்கள் சீனியர் சனிக்கிழமைதோறும் பத்து ரூபாய் தருவார், ‘பஸ்ஸுக்கு வைத்துக்கொள்’ என்று. அதுவும் வாய்தா வாங்கிய வாரத்தில் கிடையாது. மூன்றாவது வருடம் நண்பன் கோட்டை என்னிடமே விட்டுவிட்டு, நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தான். என்னைவிட நல்ல வக்கீல். உழுத கணக்கை அவன் பார்த்துவிட்டான், நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் ஜூனியர்கள் மனுவை நகலெடுக்கக் கொடுத்தால் படித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே” என்று திருப்பித் தருகிறான். எந்த விழா மலரிலும் அவன் படம் வராது.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? சீனியர்கள் தங்கள் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும், வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் அதற்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவினருக்கு வழக்கறிஞர் பதிவுக் கட்டணம் 750 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றது. வாசல் கதவு அகலமாகிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் 2025 மே மாதத் தீர்ப்புப்படி உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதவே மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். என் நண்பன் கடை திறந்ததும் மூன்றாவது ஆண்டில்தான். அதுவரை அப்பாவின் பணத்தில் சாப்பிடக்கூடிய பிள்ளைகள் மட்டும்தான் இனி நீதிபதி ஆவார்களா?

முன்சீப் கோர்ட்டில் காலம் தள்ளும் சீனியருக்கே 15,000 மிஞ்சுகிறதா என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி ஐயா. நானும் உழக்குகூட மிஞ்சாமல் இருந்தவன்தான். முடியாதவருக்குச் சங்கம் பொதுநிதி வைத்துக் கைகொடுக்கட்டும். முடிந்தவர் தரட்டும். கோடையில் ஏற்காட்டில் கூட்டம் போட நிதி இருக்கிறது, இதற்கு இருக்காதா? தலைவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஏற்காட்டுக்கு நானும் வந்தவன்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. இரண்டாவது செய்தியை அடுத்த ஆண்டு கூப்பிட்டால் சொல்கிறேன். வாசலில் மேசைமேல் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ‘என் ஜூனியருக்கு உதவித்தொகையை மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் செலுத்துவேன்’ என்று ஒரே வரி. முதல் கையெழுத்து என்னுடையது. என் ஜூனியர் அதோ தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், சந்தேகம் உள்ளவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். வக்கீல்கள் கூடியிருக்கும் இடம், தவறாக நினைக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.