ஈரோட்டுல நின்னுக்கிட்டு மஞ்சளப் பத்தி

ஒரு வாசகர் வட்டக் கூட்டத்துல பேசினது இது. ரெக்கார்டிங்க கேட்டு டைப் பண்ணிருக்கேன், பேச்ச அப்படியே விட்டுட்டேன்.

எல்லாருக்கும் வணக்கங்க. நோட்டீஸ்ல "உணவும் நோய் எதிர்ப்பு சக்தியும்"னு தலைப்பு போட்டிருக்காங்க, இந்தத் தலைப்ப வேற ஊர்ல பேசுனா எங்க வேணா ஆரம்பிக்கலாம், ஈரோட்டுல முடியுமா, 2019ல புவிசார் குறியீடு வாங்குன மஞ்சள் ஊருங்க இது, மஞ்சளத் தொடாம எறங்குனா கதவ சாத்திருவீங்க. அதனால மஞ்சள்லயே ஆரம்பிக்கிறேன். முதல்ல கொஞ்சம் கோவம் வரும், பொறுத்துக்கோங்க.

கொரோனா சமயத்துல மஞ்சப்பால் குடிக்காத வீடே கெடையாது. சரி, ஒரு டம்ளர் பால்ல அரை ஸ்பூன் மஞ்சத்தூள் போடுறோம்னு வைங்க, எடை போட்டா ஒன்றரை கிராம் வரும். இதுதான் வேலை செய்யுதுன்னு எல்லாரும் சொல்ற சரக்கு பேரு கர்க்யூமின், அது மஞ்சள்ல 3 சதவீதம் வாக்குல இருக்கும், அப்ப உங்க டம்ளர்ல 50 மில்லிகிராம் கூட தேறாது. லேப்ல செல்லு மேல கர்க்யூமின நேரா ஊத்துனா வீக்கத்தக் கிளப்பி விடுற புரோட்டீன்கள அது அடக்குறது உண்மைதான், ஆனா நாம அத வாய் வழியாத்தான சாப்பிடுறோம். 1998ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல ஆளுங்களுக்கு 2 கிராம் சுத்தமான கர்க்யூமின் குடுத்துப் பாத்தாங்க, நம்ம டம்ளர்ல இருக்குறத விட 40 மடங்கு, அப்பவும் ரத்தத்துல தேடுனா கெடைக்கல, கெடைச்சாலும் பேருக்குத்தான். குடலும் லிவரும் அத உடனே உருமாத்தி வெளிய தள்ளிருது. அதோட 20 மில்லிகிராம் பைப்பரின், அதாங்க மிளகோட காரம், அத சேத்துக் குடுத்தப்ப 20 மடங்கு ஏறுச்சு.

இத வச்சுத்தான் இன்னிக்கு கர்க்யூமின் கேப்சூல் கம்பெனி எல்லாம் "மிளகு சேர்த்தது"ன்னு டப்பாவுல பெருசா போடுறான். ஆனா மிளகு என்ன பண்ணிச்சு? லிவரோட வேலையத் தடுத்துச்சு, அவ்வளவுதான். அது மஞ்சளுக்கு மட்டும் தடுக்காது, வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுறவங்களுக்கு அந்த மருந்தோட அளவும் ரத்தத்துல ஏறும். ரசத்துல போடுற மிளகப் பாத்து பயப்பட வேண்டாம், நான் சொல்றது கேப்சூல. அமெரிக்காவுல 2022ல லிவர் டாக்டருங்க மஞ்சள் சப்ளிமெண்டால லிவர் கெட்ட 10 பேர எழுதுனாங்க, அதுல 7 பேருக்கு ஒரே ஹெச்எல்ஏ மரபணு வகை இருந்துச்சு. ஹெச்எல்ஏன்னா நம்ம எதிர்ப்பு செல்லுங்க எது சொந்தம் எது அந்நியம்னு அடையாளம் பாக்குற புரோட்டீன். அப்ப லிவர தாக்குனதுல அவங்கவங்க எதிர்ப்பு சக்திக்கும் கை இருக்கு.

இத ஏன் இவ்வளவு இழுக்குறேன்னா, "இம்யூனிட்டிய ஏத்துறோம்"னு விளம்பரத்துல சொல்றாங்க பாருங்க, அது நிம்மதியா சொல்ற பேச்சே இல்லங்க. எதிர்ப்பு சக்தி சும்மா ஏறுனா அதுக்குப் பேரு அலர்ஜி, இல்லன்னா மூட்டு வீங்குற ருமட்டாய்டு ஆர்த்ரிட்டிஸ், இல்லன்னா தோல் செதில் செதிலா உரியிற சோரியாசிஸ். கொரோனாவுல முத்திப் போனவங்க நெறைய பேருக்கு நுரையீரல் கெட்டது எதிர்ப்பு சக்தி அடங்காம ஆடுனதாலதான், அதனாலதான் டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு போட்டு அடக்குனாங்க. எதிர்ப்பு சக்திக்குன்னு கசாயம் வச்சுக் குடிச்ச சீந்தில் கொடி கதையும் அதே. 2020 கடைசியில மும்பையில சீந்தில் கசாயம் தொடந்து குடிச்ச 6 பேருக்கு லிவர் வீங்குனத டாக்டருங்க அடுத்த வருஷம் எழுதுனாங்க, ஆயுஷ் அமைச்சகம் அத ஒத்துக்கல, அப்புறம் 2022ல பல ஊரு ஆஸ்பத்திரி சேந்து 43 பேர எழுதுனாங்க, நெறைய பேருக்கு அது ஆட்டோ இம்யூன் ஹெப்பாடிட்டிஸ், அதாவது நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம லிவர தாக்குற நோய் மாதிரியே இருந்துச்சு. சீந்தில் சும்மா இருக்குற செடி இல்லங்க, வேலை செய்யுது, அதுதான் பிரச்சினையே.

இப்ப சமாதானத்துக்கு வரேன். ரத்தத்துக்குப் போகாத கர்க்யூமின் எங்க போகுது? பெருங்குடலுக்கு. அங்க அது சும்மா இல்ல. 2015ல அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாங்க பெருங்குடல் உள்சுவரு புண்ணாகுற நோய், அது இருந்த 50 பேர வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, எல்லாரும் வழக்கமான மெசாலமின் மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க, பாதிப் பேருக்கு மட்டும் கூட கர்க்யூமின் குடுத்தாங்க, ஒரு மாசத்துல அதுல பாதிக்கு மேல நோய் அடங்கிருச்சு, கர்க்யூமின் இல்லாத பக்கம் ஒருத்தருக்கும் அடங்கல. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கிறேன். ஆனா இடத்தப் பாருங்க, குடல் சுவரு. நம்ம உடம்புல எதிர்ப்பு செல்லு நெறைய குடியிருக்குற இடம் அது, சாப்பாடு அவங்கள நேருக்கு நேர் பாக்குறதும் அங்கதான். இன்னிக்கு நான் சொல்ல வந்ததே இதுதாங்க. நாம சாப்பிடுறது எதிர்ப்பு சக்திய ஏத்துறதில்ல, வாசல்ல நிக்கிற வாட்ச்மேனுக்கு சம்பளம் குடுக்குது, யார விடணும் யார நிறுத்தணும்னு பழக்கியும் குடுக்குது.

சம்பளம் வராட்டி என்ன ஆகும்னு பாக்க வெளிநாட்டுக்குப் போக வேணாம், நம்ம திருச்சிக்குப் போனா போதும். 1970கள் கடைசியில ஆல்ஃபிரெட் சாமர்னு ஒரு கண் டாக்டர் இந்தோனேசியாவுல மாலைக்கண் வந்த குழந்தைங்கள பாத்துக்கிட்டு இருந்தாரு, லேசா மாலைக்கண் இருக்குற குழந்தை மத்த குழந்தைய விட 4 மடங்கு அதிகமா சாகுதுன்னு கணக்கு சொன்னாரு, வைட்டமின் ஏ குடுத்தா சாவு 34 சதவீதம் கொறையுதுன்னு 1986ல எழுதுனாரு. உலகம் நம்பல. கண்ணுக்கான வைட்டமினுக்கும் வயித்துப்போக்குக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்டாங்க. அப்புறம்தான் மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரங்க திருச்சி மாவட்டத்துல எறங்குனாங்க, 15,419 குழந்தைங்க, எல்லாம் அஞ்சு வயசுக்குள்ள. ஊழியருங்க வாரா வாரம் வீடு வீடாப் போயி வாயில சொட்டு ஊத்துவாங்க, ஒரு வருஷம் விடாம. பாதிக் குழந்தைங்க சொட்டுல வைட்டமின் ஏ இருக்கும், மீதிக்கு இருக்காது. பெரிய டோஸ் இல்லங்க, ஒரு வாரத்துக்கு சாப்பாட்டுலயே கெடைச்சிருக்க வேண்டிய அளவுதான். 1990ல முடிவு வந்துச்சு, ஏ கெடைச்ச பக்கம் சாவு 54 சதவீதம் கம்மி. பாதிக்கு மேல! அதுலயும் மூணு வயசுக்கு உள்ள இருந்ததுக, ரொம்ப நாளா வத்தலா இருந்ததுகளுக்குத்தான் பலன் அதிகம். இந்த ஆராய்ச்சி நம்ம பக்கத்துல நடந்துச்சுன்னு நம்மள்ல எத்தன பேருக்குத் தெரியும்? அமெரிக்காவுல குடுத்து அப்புறம் ரத்து பண்ணுன மஞ்சள் பேட்டன்ட் கதை எல்லாருக்கும் தெரியும், இது தெரியாது.

ஏன் அப்படின்னா, கண்ணு, மூச்சுக்குழாய், குடல் இது எல்லாத்துக்கும் உள்பக்கத் தோல ஈரமா வச்சிருக்கிறது வைட்டமின் ஏ தான். அது இல்லன்னா அந்தத் தோல் காஞ்சு கெட்டியாகிரும், கிருமி உள்ள நுழையும். இன்னொன்னு, எதிர்ப்பு செல்லுல ஒரு வகையான டி செல்லுங்களுக்கு "உனக்கு வேலை குடல்ல"ன்னு சொல்லி அனுப்புறதும் ஏ ல இருந்து வர்ற ரெட்டினாயிக் ஆசிட்தான். முருங்கைக்கீரை, பப்பாளி, பரங்கிக்காய் எல்லாத்துலயும் பீட்டா கரோட்டினா இருக்கு, உடம்பு அத ஏ வா மாத்திக்கும், ஆனா எண்ணெய் இல்லாம உள்ள ஏறாது. கீரைய வெறுமனே வேகவச்சு "ஆயில் ஃப்ரீ"ன்னு சாப்பிடுறீங்க பாருங்க, அதுக்கு ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில தாளிச்சு தேங்காப்பூ தூவுன பொரியல் எவ்வளவோ மேல்.

ஜிங்க், அதாங்க துத்தநாகம், அதப் பத்தி சுருக்கமா. பீகார்ல பொறந்த ஆனந்த பிரசாத்னு ஒரு டாக்டர் 1958ல ஈரான்ல ஷிராஸுக்குப் போனாரு, அங்க ஒரு ஆளு வந்தான், வயசு 21, பாக்க பத்து வயசுப் பையனாட்டம் இருந்தான், புளிக்காத ரொட்டியும் களிமண்ணும்தான் சாப்பாடு. ஜிங்க் பத்தாததுதான் காரணமா இருக்கும்னு பிரசாத் சந்தேகப்பட்டாரு. தானியத்தோட தவிட்டுல இருக்குற ஃபைட்டேட் ஜிங்க புடிச்சு வச்சுக்குது, உடம்புக்குள்ள விடமாட்டேங்குது. ஜிங்க் இல்லன்னா டி செல்லு வளர்ற தைமஸ் சுரப்பி சுருங்கும், டி செல் கொறையும். ஃபைட்டேட்ட ஒடைக்க ஊறவைக்கணும், முளைகட்டணும், புளிக்கவைக்கணும். கம்மங்கூழ முந்தின நாளே கரைச்சு வச்சு புளிச்சப்புறம் குடிச்சாங்க நம்ம பாட்டிங்க, இட்லி மாவு ராத்திரி பொங்கும்போதும் அதே வேலைதான் நடக்குது. ஆனா இன்ஸ்டன்ட் மாவுல சோடா உப்பப் போட்டு பத்து நிமிஷத்துல ஊத்துறது வேறங்க, அது உப்பும், புளிக்காது.

வைட்டமின் சி, அத எல்லாரும் அளவுக்கு மீறி பேசிட்டாங்க. தினமும் மாத்திரை போட்டா சளி புடிக்கறது கொறையாது, புடிச்ச சளி பெரியவங்களுக்கு 8 சதவீதம் சீக்கிரம் போகும், ஏழு நாள் சளியில அர நாள் மிச்சம். கொய்யா சாப்பிடுங்க, ஆரஞ்ச விட பல மடங்கு இருக்கு, விலையும் கம்மி. நகருவோம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது முட்டைக்கோஸ். சிரிக்காதீங்க. முட்டைக்கோஸ வெட்டும்போது ஒரு நெடி வரும்ல, அது வெட்டுனதும்தான் வரும், முழுசா இருக்கும்போது வராது. ஏன்னா உள்ள ரெண்டு சரக்கு தனித்தனியா இருக்கு, குளுக்கோசினோலேட் ஒண்ணு, மைரோசினேஸ்னு ஒரு என்சைம் ஒண்ணு, கத்தி பட்டதும் ரெண்டும் கலந்துருது. புழுவ வெரட்ட செடி வச்சிருக்குற ஏற்பாடு. அதுல இண்டோல்-3-கார்பினால்னு ஒண்ணு உண்டாகும், அது வயித்துல ஆசிட் பட்டு இன்னும் மாறி குடல் செல்லுங்கள்ல இருக்குற ஏஹெச் ரிசெப்டர்ங்கிற புரோட்டீன்ல போயி ஒட்டும். இந்த ரிசெப்டர ரொம்ப வருஷமா டையாக்சின்ங்கிற விஷம் ஒட்டுற இடமாத்தான் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. 2011ல கேம்பிரிட்ஜ் பக்கத்துல பாப்ரஹாம் இன்ஸ்டிடியூட்ல எலிங்களுக்கு இந்தக் காய் எதுவும் இல்லாத தீனி குடுத்தாங்க, ரெண்டு மூணு வாரந்தான், குடல் சுவத்துக்குள்ள காவல் நிக்கிற லிம்ஃபோசைட்ங்கிற எதிர்ப்பு செல்லுல 70, 80 சதவீதம் காணாம போச்சு. இண்டோல்-3-கார்பினால தீனியில சேத்துக் குடுத்தா காவல் நிக்குது. எலியில பாத்ததுங்க, மனுசனுக்கு இதே அளவுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பொரியல குழைய குழைய வேகவச்சா அந்த என்சைம் செத்துரும்கிறது நமக்கும் பொருந்தும், அதனால வெட்டிட்டு ஒரு பத்து நிமிஷம் சும்மா வைங்க, அப்புறம் சட்டியில போட்டு ஒரு பொரட்டு பொரட்டி எறக்குங்க. பூண்டும் இதே கணக்குதான், நசுக்குனாத்தான் அல்லிசின் வரும், முழுப் பல்ல கொதிக்கிற கொழம்புல போட்டா வாசம்தான் மிஞ்சும்.

(கூட்டத்துல ஒரு அம்மா: பேரப்பிள்ளைக்கு நிலக்கடலை குடுக்கலாமுங்களா, அலர்ஜி வரும்னு மருமக வேண்டாங்கறா.)

நல்லா கேட்டீங்கம்மா, இதச் சொல்லாம எறங்கிருப்பேன். உங்க மருமகள தப்பு சொல்லமுடியாது, 2000 வாக்குல அமெரிக்க குழந்தை டாக்டருங்களே அலர்ஜிக் குடும்பத்துக் குழந்தைக்கு மூணு வயசு வரைக்கும் கடலையே வேண்டாம்னாங்க. அலர்ஜி கொறையல. இஸ்ரேல்ல குழந்தைங்க கைக்குழந்தையா இருக்குறப்பவே நிலக்கடலையில செஞ்ச பாம்பாங்கிற நொறுக்குத்தீனி திங்குதுங்க, லண்டன்ல இருக்குற யூதக் குழந்தைங்க திங்காது, லண்டன் பக்கம் கடலை அலர்ஜி 10 மடங்கு அதிகம்னு 2008ல கண்டாங்க. கிடியன் லாக்னு ஒரு டாக்டர் அத சோதிச்சே பாத்துட்டாரு, கடுமையான எக்ஸிமாவோ (தோல் தடிச்சு அரிக்கிற நோய்) முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைங்க, பாதிக்கு கடலை குடுத்தாங்க, பாதிக்கு தொடவே விடல. 2015ல முடிவு, அஞ்சு வயசுல பாத்தா ஒதுக்குனவங்கள்ல நூத்துக்கு 17 பேருக்கு அலர்ஜி, தின்னவங்கள்ல 3 பேருக்குத்தான். நம்ம எதிர்ப்பு சக்தி கடலையத் தோல் வழியா மொதல்ல பாத்தா எதிரின்னு நெனைக்குது, குடல் வழியா மொதல்ல பாத்தா நம்மாளுன்னு பழகிக்குது.

அதனால ஆறு மாசம் ஆகி கூழ் ஆரம்பிச்சப்புறம் வறுத்த கடலைய நைசா அரைச்சு ராகிக் கூழுல கால் ஸ்பூன் கலந்து குடுங்க, ஒத்துக்கிட்டா வாரத்துல ரெண்டு மூணு தடவ விடாம குடுங்க. குழந்தைக்கு உடம்பு பூரா எக்ஸிமா இருந்தாலோ முட்டை ஏற்கனவே ஒத்துக்காம போயிருந்தாலோ டாக்டர்கிட்ட காட்டிட்டு குடுங்க. முழுக்கடலைய மட்டும் அஞ்சு வயசு வரைக்கும் கையில குடுத்துறாதீங்க, மூச்சுக்குழல்ல போயி அடைச்சுக்கும். அடுத்த கேள்வி அந்த நீலச் சட்டை அண்ணனுங்களா, சொல்லுங்க.