73 பந்துகளோடு முடிந்த இரவு

[திரையில்: மைதான விளக்குகள். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நிற்கும் மேட்டை நோக்கி மேனேஜர் நடந்து வருகிறார்.]

2020 அக்டோபர் 27. டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டம். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்குக் கோப்பை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக டாம்பா பே ரேஸ் அணி 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது. அவர்களுடைய பிட்சர் பிளேக் ஸ்னெல் இதுவரை 73 பந்துகள் வீசி, 9 பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருக்கிறார், அதாவது அவர்களை அடிக்கவே விடாமல் வெளியேற்றியிருக்கிறார். கொடுத்தது இரண்டே ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு பேட்டர் அவுட் ஆகாமல் பேஸை, ஓடிச் சேர வேண்டிய இடத்தை, எட்டியது இரண்டே முறை. அந்த இரண்டாவது ஹிட் விழுந்ததும் அணியை வழிநடத்தும் மேனேஜர் கெவின் கேஷ் வந்து பந்தைக் கேட்கிறார். ஸ்னெலை வெளியே எடுக்கிறார் என்று பொருள். ஸ்னெலின் உதடுகளைப் பாருங்கள். அவர் முணுமுணுப்பதை நான் வாசிக்கப் போவதில்லை.

[திரையில்: ஒன்பது பேட்டர்களின் வரிசை, வட்டமாகச் சுழல்கிறது.]

கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை பந்துவீச்சாளர் மாறுவார். இங்கே மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் அணியின் இன்னிங்ஸ் முடியும்; தொடக்கப் பிட்சர் இன்னிங்ஸுக்குப் பின் இன்னிங்ஸாக வீசிக்கொண்டே இருப்பார். வெளியேற்றிவிட்டால் அன்று திரும்பி வந்து வீச முடியாது. எதிரணியின் ஒன்பது பேரும் அதே வரிசையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். முதல் சுற்றில் பந்தின் வளைவு அவர்களுக்குப் புதிது. மூன்றாம் சுற்றுக்குள் கண் பழகிவிடும், பிட்சரின் கை சோர்ந்துவிடும். பல ஆண்டுப் புள்ளிவிவரங்களும் மூன்றாம் சுற்றில் அடி கூடுவதையே காட்டுகின்றன. ஸ்னெல் அதுவரை சந்தித்தது சரியாக 18 பேரை. கேஷ் வந்த நேரம் புரிகிறதா?

கணக்கில் பிழையில்லை. ஆனால் அடுத்து வரவிருந்த டாட்ஜர்ஸ் பேட்டர்கள் பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அன்று ஸ்னெலிடம் தலா இரண்டு முறை ஸ்டிரைக் அவுட் ஆனவர்கள். ஸ்னெலுக்குப் பதிலாக உள்ளே வந்த பிட்சர் நிக் ஆண்டர்சனோ அந்த அக்டோபரில் ஆட்டத்துக்கு ஆட்டம் ரன் கொடுத்துவந்தவர். பெட்ஸ் டபுள் அடித்தார், அதாவது ஒரே அடியில் இரண்டாவது பேஸை எட்டினார். கேட்சருக்குப் பிடிபடாத ஒரு பந்தில் டாட்ஜர்ஸுக்கு முதல் ரன். சீகர் தரையோடு தட்டிய பந்தில் இரண்டாவது. கடைசியில் 3-1, கோப்பை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு.

ஸ்னெல் மூன்றாம் சுற்றில் கொஞ்சம் சறுக்கியிருக்கலாம். சறுக்கிய ஸ்னெலைவிட ஆண்டர்சன் மேலா? என் கோபமெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான்.

[திரையில்: மினியாபொலிஸ், மெட்ரோடோம். கூரைக்கடியில் அசையும் வெள்ளைக் கைக்குட்டைகள்.]

இதே தேதி, 29 ஆண்டுகளுக்கு முன்பு. 1991 வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம். மினசோட்டா ட்வின்ஸின் ஜாக் மோரிஸுக்கு வயது 36. வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. மேனேஜர் டாம் கெல்லி போதும் என்று நினைத்தார், மோரிஸ் அசையவில்லை. பத்தாவது இன்னிங்ஸும் வீசினார். மொத்தம் 126 பந்துகள். ட்வின்ஸ் 1-0 என்று வென்றது.

நன்றாக வீசும் பிட்சரை வெளியே எடுக்கக்கூடாது என்பதற்கு மூத்த ரசிகர்கள் இதைத்தான் சான்றாக நீட்டுவார்கள். எனக்கும் மனப்பாடமான ஆட்டம். ஆனால் சான்றாக ஏற்கமாட்டேன். எட்டாவது இன்னிங்ஸில் எதிரணியான அட்லாண்டாவின் லோனி ஸ்மித், பந்து எங்கே போனது என்று தெரியாமல் இரண்டாவது பேஸ் அருகே தடுமாறி நின்றார். நிற்காமல் ஓடியிருந்தால் ரன் எடுத்திருப்பார். அப்படி நடந்திருந்தால், மோரிஸை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று இன்றுவரை கெல்லியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஆகவே, ஸ்னெலுக்காக நான் மோரிஸை அழைக்கப் போவதில்லை. மூக்கி பெட்ஸ் போதும். ஸ்னெல் வெளியேறியதைக் கண்டு மகிழ்ந்ததாக, கோப்பையை வென்ற அன்றிரவே அவர் சொல்லிவிட்டார்.