நிழலோடு வாள்வீசிய இளவரசன்

நேயர்களுக்கு வணக்கம். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' கணினி விளையாட்டு என்றதும் பலருக்கு 2003ல் வந்த 'சேண்ட்ஸ் ஆஃப் டைம்' நினைவுக்கு வரும். தவறி விழுந்தால் காலத்தைப் பின்னோக்கி ஓட்டித் தப்பித்துக்கொள்ளலாம். அழகான விளையாட்டுதான். ஆனால் 1989ல் வந்த முதல் விளையாட்டில் அந்தச் சலுகையே கிடையாது. மொத்தம் 12 நிலைகள், கையில் இருப்பது 60 நிமிடம். செத்தால் அந்த நிலையை முதலிலிருந்து ஆடவேண்டும்; கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை ஆப்பிள் டூ கணினிக்காக ஏறக்குறைய தனி ஆளாக எழுதியவர் ஜோர்டான் மெக்னர். 1985ல் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டுவிட்டு, ஓடு, தாவு, ஏறு என்று சொல்லி வீடியோ எடுத்தார். அதைத் திரையில் நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்து, உடலின் விளிம்பை மையால் தீட்டி, ஒவ்வொரு அசைவாகக் கணினியில் ஏற்றினார். இசை அவருடைய அப்பா அமைத்தது.

விசைப்பலகையில் கை வைத்தவுடனே அந்த உழைப்பு தெரியும். அன்றைய விளையாட்டு நாயகர்கள் பலர் பொத்தானை அழுத்தினால் பறப்பார்கள், விட்டால் நிற்பார்கள். இந்த இளவரசன் வேகம் பிடிக்க ஓரிரு அடி வேண்டும். நில் என்றாலும் சறுக்கித்தான் நிற்பான். பள்ளத்தின் ஓரத்துக்குப் போக வேண்டுமானால் அடிமேல் அடி வைத்து நகர்த்தவேண்டும். தாவிய தாவலில் எதிர்ச்சுவரின் விளிம்பை விரல்நுனியால் பற்றித் தொங்குவானே, பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கே தோள் வலிக்கும்!

என்னை இன்றுவரை வியக்கவைப்பது நிழல்தான். இளவரசனின் அசைவுகளே நினைவகத்தை அடைத்துக்கொண்டதால், எதிரி என்று இன்னொரு உருவத்தை வரைந்து வைக்க இடமில்லை. மெக்னர் முதலில் வாள்சண்டையே இல்லாமல்தான் திட்டமிட்டிருந்தார். சண்டை வேண்டும் என்று உடன் வேலை செய்த தோழி விடாமல் சொன்னார். இருக்கும் படத்தையே ஒரு பிட், அதாவது கணினித் தரவின் மிகச் சிறிய அளவு, நகர்த்தி அதன்மேலேயே படியவைத்தார் மெக்னர். ஒத்துப்போன புள்ளிகள் அழிந்தன, ஒத்துப்போகாதவை மட்டும் மினுங்கின. அப்படிப் பிறந்தவன்தான் நிழல் மனிதன். காவலாளிகளெல்லாம் அதற்குப் பிறகு, நினைவகத்தைக் குடைந்து இடம் பண்ணிச் சேர்க்கப்பட்டவர்கள்.

நான்காம் நிலையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வழியை மறிக்கும். ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால் நம் நிழல் மறுபக்கம் பிரிந்து ஓடிவிடும். அடுத்த நிலையில் நமக்கு வேண்டிய மருந்தை நம் கண்ணெதிரே அது குடித்துவிடும். கடைசி நிலையில் வாளோடு வந்து நிற்கும். அதை வெட்டினால் நமக்குத்தான் காயம், கொன்றால் நமக்கும் சாவு. வாளை உறையில் போட்டால் அதுவும் போடும். இருவரும் எதிரெதிரே நடந்து ஓருடலாவார்கள். இடப் பற்றாக்குறையில் பிறந்த ஒரு யோசனை கதைக்கே உயிராகிவிட்டது. தொடரில் பின்னால் வந்த எதிலும் இதற்கு ஈடு நான் பார்க்கவில்லை.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. சிம் வோங் ஹூ 1981ல் பேர்ல்ஸ் சென்டரில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற, கணினிக்குள் பொருத்தி ஒலி எழுப்பும் அட்டையை வெளியிட்டது. டாஸ் இயங்குதளக் கணினிகளுக்காக அடுத்த ஆண்டு வந்த இந்த விளையாட்டின் பதிப்பு அந்த அட்டையில் ஒலித்தது. அதுவரை டாஸ் ஓடும் வீட்டுக் கணினி பெரும்பாலும் 'பீப்' என்றுதான் கத்தும். அட்டை வாங்கிப் பொருத்திய அடுக்குமாடி வீடுகளில் வாளோடு வாள் மோதும் சத்தமே கேட்டது. உலகமெங்கும் பிள்ளைகள் கேட்ட சத்தம் நம் ஊர் அட்டையிலிருந்து வந்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

தொலைந்துபோனதாக நினைத்திருந்த, மெக்னர் எழுதிய விளையாட்டின் மூல நிரல், 2012ல் மெக்னரின் அப்பா வீட்டில் பழைய வட்டுகளில் கிடைத்தது. யாரும் பார்க்கலாம் என்று அதை இணையத்தில் போட்டுவிட்டார் மெக்னர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் நிரல் எழுதப் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நிழல் வரும் பகுதியைத் தேடிப் படித்துப் பாருங்கள். வணக்கம்.