கோழிச் சோறு எந்த அமைச்சின் கீழ்?

வணக்கம் நேயர்களே. "அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டேன், பதிலே காணோம்" என்று பலர் சொல்வதுண்டு. அரசாங்கத்தில் யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்டால் அங்கேதான் சிக்கல் தெரியும்.

நமது சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு நிர்வாக அதிகாரத்தை அதிபரிடம் வைக்கிறது. அடுத்த பிரிவு, அரசாங்கத்தை நெறிப்படுத்தும் பொறுப்பை அமைச்சரவையிடம் தந்து, அமைச்சரவை மொத்தமாக நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. எந்த அமைச்சருக்கு எந்தப் பொறுப்பு என்பதைப் பிரதமர் எழுத்துமூலம் ஒதுக்குகிறார். பிரதமர் அலுவலகத்தையும் சேர்த்தால் 16 அமைச்சுகள். அமைச்சருக்கு அடுத்து நிரந்தரச் செயலாளர். தேர்தலில் அமைச்சர் மாறலாம். அரசு ஊழியரான இவர் தேர்தலோடு போவதில்லை. பெயர்தான் நிரந்தரம், இவரையும் அமைச்சு விட்டு அமைச்சு மாற்றுவார்கள்.

ஆனால் அன்றாடம் நமக்கு வேலை இருப்பது பெரும்பாலும் அமைச்சில் அல்ல, ஆணைபெற்ற கழகங்களில், அதாவது அமைச்சின் கொள்கையைச் செயல்படுத்தும் அரசு அமைப்புகளில். 60க்கும் மேற்பட்டவை இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம். வீடமைப்புக் கொள்கையை வகுப்பது தேசிய வளர்ச்சி அமைச்சு. விண்ணப்பத்தைப் பரிசீலித்துச் சாவியைக் கையில் தருவது 1960இல் தொடங்கிய வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். விதியே சரியில்லை என்றால் அமைச்சுக்கு எழுதுங்கள். விதிப்படி உங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கவில்லை என்றால் கழகத்துக்கு, விண்ணப்ப எண்ணோடு எழுதுங்கள். மாற்றி எழுதினால் கடிதம் தொலைந்துவிடாது, கைமாறும், நாள்தான் போகும். புளோக்கின் தாழ்வாரத்தில் விளக்கு எரியவில்லையா? அது இரண்டுமில்லை, பேட்டையின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றம்.

அமைச்சுகளுக்கு இடையே கோடு எங்கே விழுகிறது என்பதற்குக் கோழிச் சோற்றைப் பாருங்கள். 2019 மார்ச் வரை, இறக்குமதியாகும் கோழியையும் முட்டையையும் கவனித்தது தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழிருந்த வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையம். அதே கோழி வெந்து தட்டுக்கு வந்ததும் இன்னோர் அமைச்சின் கீழ், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கைக்கு வந்துவிடும். ஒரே கோழி, இரண்டு அமைச்சு! 2019 ஏப்ரல் 1ஆம் தேதி சிங்கப்பூர் உணவு அமைப்பு உருவாகி இரண்டையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. செல்லப்பிராணிகள் மட்டும் தேசியப் பூங்காக் கழகத்துக்குப் போயின. இன்றும் உணவங்காடிக் கடையின் உரிமம் உணவு அமைப்பிடம், உணவங்காடியின் நிர்வாகம் சுற்றுப்புற வாரியத்திடம். மேசை அழுக்கு என்று உணவு அமைப்பிடம் முறையிட்டால், அதை அவர்கள் வாரியத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

2014 தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன மீன் உருண்டைக் குச்சி பலருக்கு நினைவிருக்கும். புக்கிட் கோம்பாக்கில் ஒரு பாதை. சரிவு நில ஆணையத்துடையது, நடுவிலுள்ள பூங்கா இணைப்புப் பாதை பூங்காக் கழகத்துடையது, சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. தின்றுவிட்டு எறிந்த குச்சி எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்துத் துடைப்பம் மாறும். இப்படிப் பல அமைப்புகளைத் தொடும் புகார்களை ஒருங்கிணைக்க அதே ஆண்டில் நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைந்தது. இப்போது ஒன்சர்வீஸ் செயலியில் படமும் இடமும் போட்டால், உரியவரிடம் சேர்ப்பது அவர்கள் பாடு.

கடைசியாக, பணம். ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் நாடாளுமன்றம் தனித்தனியே விவாதிக்கிறது. அப்போது ஓர் உறுப்பினர், "இந்த அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளி (டாலர்) குறைக்க வேண்டும்" என்று முன்மொழிவார். பல பில்லியன் வெள்ளியில் நூறு வெள்ளியா என்று சிரிக்க வேண்டாம். அந்த அமைச்சைப் பற்றிப் பேச அதுதான் நுழைவுச்சீட்டு. அமைச்சர் பதில் சொன்னதும் அதை மீட்டுக்கொள்வார்கள். புதிய நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால் இந்த விவாதம் அதற்குள் முடிந்துவிடும். ஆகவே, விதி மாற வேண்டும் என்று நினைப்பவர்கள், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்கு ஏப்ரலில் போவதைவிட ஜனவரியிலேயே போய்ச் சொல்வது நல்லது.