ஆயா வீட்டு அவரைக்கொடியும் அரசாங்கத்துக் கம்பும்

வணக்கம். கோயில் குழுத் தலைவர் ஐயா அவர்களே, வேலை நாள் என்றும் பாராமல் வந்திருக்கும் வார்டு கவுன்சிலர் அவர்களே, மாதர் சங்கத்து அம்மாமார்களே, மழைக்கு நடுவே கொட்டகை போட்ட தம்பிமார்களே, எல்லாருக்கும் நன்றி. பொன்னாடைக்கும் நன்றி, ஆனால் இந்த டர்பன் நகரத்து வெக்கையில் அதைக் கழற்றிவிட்டுப் பேச அனுமதி வேண்டும்.

நம் தெரு வழியாக ரோட்டை நீட்டப் போகிறார்களே, அதைப் பற்றி வீடு, வெள்ளம், லாரி என்று மூன்று விஷயம் சொல்ல வந்தேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அதனால் கொஞ்சம் சத்தமாகவே அழுகிறேன்.

முதலில் வீடு. 1950இல் இந்தத் தென்னாப்பிரிக்காவில் இனத்துக்கு ஒரு பகுதி என்று ஆட்களைப் பிரித்துக் குடிவைக்கிற குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது, டர்பனிலேயே கேட்டோ மேனர் பகுதியில் வாழை வைத்துக் காய்கறி போட்டுப் பிழைத்தவர்களை எல்லாம் 1960களில் இந்த சாட்ஸ்வர்த்துக்குத் தூக்கிப் போட்டார்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்டே ஆக வேண்டும். 1999ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டப்படி, 300 மீட்டருக்கு மேல் நீளமான ரோடு போடுவதென்றால் மரபுரிமை அமைப்புக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், 60 வயது தாண்டிய கட்டடத்தை அனுமதி இல்லாமல் இடிக்கவும் முடியாது. நம் வீடுகளுக்கு வயது என்ன, கணக்குப் போட்டுப் பாருங்கள்!

எங்கள் பக்கத்து வீட்டு ஆயா கதையைச் சொல்லாமல் எப்படி? ஒரு நாள் காலையில் வேலியோரம் வெள்ளைப் பெயின்ட் அடித்த கம்புகள் முளைத்திருந்தன. ஆயா என்ன ஏது என்று கேட்கவில்லை, நல்ல கம்பாக இருக்கிறதே என்று அவரைக்கொடியை எடுத்து அதில் ஏற்றிவிட்டார். அளவெடுக்கிற பையன் திரும்பி வந்தபோது கொடி பூத்துக் குலுங்குகிறது. “கோகோ (பாட்டி), இந்தக் கம்பு அரசாங்கத்துடையது” என்றான். ஆயா அவனுடைய ஸூலு மொழியிலேயே சொன்னார்: “கம்பு உன்னுடையது, கொடி என்னுடையது, கொடி நோகாமல் உன் கம்பை எடுத்துக்கொண்டு போ.” அவன் சிரித்துவிட்டான். அப்புறம் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் உள்ளே போனதும் வாய் திறந்தான், அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் ரோடு வருகிறதாம். தெருவுக்கே சேதி தெரிந்தது அப்படித்தான், நோட்டீஸ் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு! அழுத பிள்ளைக்காவது பால் உண்டு, நமக்கு எப்போது அழ வேண்டும் என்றே சொல்லவில்லை.

வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்? 2022 ஏப்ரலில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். சரிவில் தார் போட்டால் தண்ணீர் கீழ் வீட்டுக்குள்தான் வரும், அதற்கு வடிகால் எங்கே என்று வரைபடத்தில் தேடுங்கள்.

வந்த நோட்டீஸ் இங்கிலீஷிலும் ஸூலுவிலும் இருந்தது. ஸூலுவில் சண்டை போடுகிற ஆயாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் வாசிக்கத் தெரியும். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, 2014இல் பள்ளிக்கூடத்தில் விருப்பப் பாடமாகவும் திரும்ப விட்டார்கள். நாம் என்ன செய்தோம்? நம் பிள்ளைகள் தேவாரத்தையே இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்து வைத்துப் பாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான். இரண்டு மொழியும் வாசிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் எந்த நோட்டீஸும் ஆயாவைத் தாண்டிப் போகாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஆசிரியர் இல்லை என்பார்கள், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், கேட்டுக்கொண்டே இருங்கள்.

லாரி பாக்கி இருக்கிறது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சரி, விட்டுவிடுகிறேன். டீ மேசைக்குப் பக்கத்தில் ஆட்சேபணைப் படிவம் வைத்திருக்கிறோம், பெயரும் வீட்டு எண்ணும் தெளிவாக எழுதுங்கள். சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்தால், பெயர் பதிந்தவர்களுக்குப் பதில் சொல்லக் குறைந்தது 30 நாள் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டு தமிழ் வகுப்புக்கு உரியது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள், இரண்டிலும் போட்டால் எனக்குச் சந்தோஷம். வணக்கம்.