ஆறாவது அதிபரா, பிளைமவுத் தொகுதி உறுப்பினரா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜான் குவின்சி ஆடம்ஸ் 1825 முதல் 1829 வரை அமெரிக்காவின் ஆறாவது அதிபராக இருந்தார். தேர்தலில் தோற்று ஊர் போய்ச் சேர்ந்தவர், 1831-இல் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண உறுப்பினராகத் திரும்பி வந்தார். இறக்கும்வரை 17 ஆண்டுகள் அங்கேதான் இருந்தார். அவர் பெயர் நிற்பது அதிபர் பதவியாலா, உறுப்பினர் பதவியாலா என்பது இன்றைய தலைப்பு. உறுப்பினர் பதவியால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் "யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். அதிபராக இருந்தபோது அவர் யானையாம், பிறகு படுத்துவிட்டாராம். ஐயா, அந்த யானையால் எழவே முடியாமல் போனது வெள்ளை மாளிகையில்தான். அது எழுந்து நின்றது சபைக்கு வந்த பிறகு.

அவர் அதிபரான கதையை எதிரணியினர் வேகமாகக் கடந்து போனார்கள். நான் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்குகள், அதாவது அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்கள் போடும் வாக்குகள், 99; ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபையின் கைக்குப் போனது. சபாநாயகர் ஹென்றி கிளே ஆடம்ஸை ஆதரித்தார். மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸ் பக்கம் வந்தன. அப்புறம் அதே கிளேயை ஆடம்ஸ் தன் வெளியுறவு அமைச்சர் ஆக்கினார். ஜாக்சன் ஆட்கள் அதை ஊழல் பேரம் என்று நான்கு வருடமும் ஊர் ஊராகச் சொன்னார்கள். பேரம் நடந்ததாக நான் நம்பவில்லை. ஆனால் நாட்டு மக்கள் நம்பினார்கள். அந்த நாற்காலியின் கால் முதல் நாளே ஆட்டம் கண்டுவிட்டது.

நாற்காலியில் இருந்து என்ன கேட்டார்? 1825 டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய முதல் செய்தியில் சாலை கேட்டார், கால்வாய் கேட்டார், தேசியப் பல்கலைக்கழகம் கேட்டார், வானத்தை ஆராய ஓர் ஆய்வுக்கூடம் கேட்டார். ஐரோப்பாவில் இருக்கும் ஆய்வுக்கூடங்களை வானத்தின் கலங்கரை விளக்கங்கள் என்று எழுதினார். எவ்வளவு அழகான கனவு! காங்கிரஸில் சிரித்தார்கள். பல்கலைக்கழகமும் வரவில்லை, ஆய்வுக்கூடமும் வரவில்லை. எதிரணி நண்பர் ஈரி கால்வாயை எடுத்துக்காட்டினார். 1825-இல் திறந்தது உண்மை. ஆனால் அதைத் தன் பணத்தில் வெட்டியது நியூயார்க் மாநிலம். ஆடம்ஸ் பதவிக்கு வருவதற்கு எட்டு வருடம் முன்பே வேலை தொடங்கிவிட்டது.

புளோரிடாவை ஸ்பெயினிடமிருந்து பெற்ற 1819 ஒப்பந்தத்தையும், அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பா தலையிடக் கூடாது என்ற 1823-இன் மன்றோ கோட்பாட்டையும் சொன்னார்கள். இரண்டும் பெரிய காரியங்கள்தான். இரண்டையும் அவர் வெளியுறவு அமைச்சராக இருந்து செய்தார். அதிபர் கணக்கில் அவற்றை எழுத முடியாது. 1828-இல் மறுபடி நின்றபோது ஜாக்சனுக்கு 178, இவருக்கு 83.

தோற்ற சில மாதங்களில் மூத்த மகன் ஜார்ஜ் வாஷிங்டன் ஆடம்ஸ் இறந்துபோனார். ஏழு வயதில் அமெரிக்கச் சுதந்திரப் போரின் பங்கர் ஹில் சண்டையைத் தாயோடு குன்றின்மேல் நின்று பார்த்தவர், பதினான்கு வயதில் ரஷ்யாவுக்குத் தூதருடன் செயலாளராகப் போனவர், அறுபது தாண்டி இப்படி நொறுங்கி நிற்கிறார். அந்த நேரத்தில்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளைமவுத் தொகுதிக்காரர்கள் வந்து சபைக்கு நிற்கிறீர்களா என்று கேட்டார்கள். முன்னாள் அதிபருக்கு இது கௌரவமா என்று சொந்த வீட்டிலேயே எதிர்ப்பு. மக்கள் தேர்ந்தெடுத்தால் ஊர் நிர்வாகக் குழுவில் உட்காருவதுகூட இழிவில்லை என்றார் மனிதர்.

இனிதான் என் வழக்கின் உயிர் இருக்கிறது, நடுவர் அவர்களே. வாஷிங்டன் நகரில் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி வடமாநில மக்கள் ஆயிரக்கணக்கில் மனு அனுப்பினார்கள். அவர்களில் பலர் வாக்குரிமையே இல்லாத பெண்கள். 1836 மே மாதம் சபை ஒரு தீர்மானம் போட்டது: அடிமை முறை பற்றி எந்த மனு வந்தாலும் படிக்கக் கூடாது, விவாதிக்கக் கூடாது, ஓரமாக வைத்துவிட வேண்டும். வாய்ப்பூட்டுத் தீர்மானம் அது. வாக்கெடுப்பில் தன் பெயர் வந்தபோது ஆடம்ஸ் எழுந்து, இது அரசியலமைப்பையும் சபை விதிகளையும் என் தொகுதி மக்களின் உரிமையையும் நேரடியாக மீறுகிறது என்று சொன்னார். உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அடுத்த எட்டு வருடம் அவர் உட்காரவே இல்லை.

1837 பிப்ரவரியில் ஒரு நாள் சபாநாயகரிடம் கேட்டார்: அடிமைகளிடமிருந்து வந்ததாகச் சொல்லும் மனு ஒன்று என்னிடம் இருக்கிறது, இது தீர்மானத்துக்குள் வருமா? சபை கொந்தளித்தது. இவரைக் கண்டிக்க வேண்டும் என்று தீர்மானத்தின் மேல் தீர்மானமாக வந்தது. எல்லோரையும் கத்த விட்டுவிட்டு, நீங்கள் நினைப்பது போல அந்த மனு அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை, அதற்கு நேர்மாறானது என்றார். மனுவில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லாத சபையை அதன் முகத்துக்கு நேரே காட்டினார்.

அவர் முன்னாள் அதிபர் என்பதால்தான் சபை பொறுத்துக்கொண்டது என்றார் எதிரணித் தலைவர். அவர்கள் பக்கத்தின் வலுவான வாதம் இதுதான், அதனால் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பொறுத்துக்கொண்டார்களா? 1842-இல் ஹேவர்ஹில் ஊர்க்காரர்கள் கூட்டாட்சியைக் கலைக்கச் சொல்லி அனுப்பிய மனுவை அவர் சபையில் வைத்தார். அவருக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் ஏற்க முடியாது என்று ஒரு குழு பதில் எழுதட்டும் என்றுதான் கேட்டார். அதற்கே தேசத்துரோகி அளவுக்குப் பேசிக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 74 வயதுக் கிழவர் இரண்டு வாரம் தனக்காகத் தானே வாதாடினார். முதல் வேலையாகச் சுதந்திரப் பிரகடனத்தைப் படிக்கச் சொன்னார். கடைசியில் 106-க்கு 93 என்று அந்தத் தீர்மானமே கிடப்பில் போனது. முன்னாள் அதிபர் பட்டம் அவருக்குக் கேடயமாக இல்லை. அவர் நாவுதான் காப்பாற்றியது. 1844 டிசம்பர் 3 அன்று, அவரே கொண்டுவந்த தீர்மானத்தால், 108-க்கு 80 என்ற வாக்கில் வாய்ப்பூட்டு கழன்றது.

நடுவில் அமிஸ்டாட் வழக்கு. ஆப்பிரிக்காவில் பிடித்துக் கியூபாவில் விற்கப்பட்ட மெண்டே மக்கள், தங்களை ஏற்றிச் சென்ற அமிஸ்டாட் கப்பலைக் கைப்பற்றி 1839-இல் அமெரிக்கக் கரைக்கு வந்து சிறைப்பட்டார்கள். அவர்களை ஸ்பெயினிடம் ஒப்படைக்க அப்போதைய அதிபர் வான் பியூரனின் அரசு துடித்தது. 73 வயதில், முப்பது வருடத்துக்கு மேல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடாத ஆடம்ஸ் அவர்களுக்காக எழுந்து நின்றார். சட்ட நுணுக்கங்களை அவர்களின் இன்னொரு வழக்கறிஞர் ரோஜர் பால்ட்வின் பேசியிருந்தார். இவர் நீதிமன்றச் சுவரில் தொங்கிய சுதந்திரப் பிரகடனத்தைக் காட்டிப் பேசினார். 1841 மார்ச்சில் அவர்கள் விடுதலை ஆனார்கள். உயிரோடு மிஞ்சிய 35 பேர் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

அந்த வானாய்வுக்கூடம் என்ன ஆனது? 1843-இல் 76 வயதில், மழையிலும் குளிரிலும் பயணம் செய்து சின்சினாட்டி போய், அங்கே மக்கள் தாங்களே பணம் போட்டுக் கட்டிய ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அறிவை வளர்க்க என்று ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஸ்மித்சன் விட்டுச்சென்ற ஐந்து லட்சம் டாலரைக் காங்கிரஸ் வீணடித்துவிடாமல் பத்து வருடம் காவல் காத்தார். 1846-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் பிறந்தது. அதிபராகக் கேட்டபோது சிரித்த காங்கிரஸ், உறுப்பினராக விடாமல் கேட்டபோது கொடுத்தது.

1848 பிப்ரவரி 21. மெக்சிகோ போரின் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானம். உரக்க "இல்லை" என்றார். கொஞ்ச நேரத்தில் தன் இருக்கையிலேயே சாய்ந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகும் நிலையில் இல்லை. சபாநாயகர் அறையிலேயே இரண்டு நாள் கிடந்து 23-ஆம் தேதி உயிர் விட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன் ஐயா. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. 1830-இல் சபைக்குத் தேர்வான செய்தி கிடைத்ததும் ஆடம்ஸ் தன் நாட்குறிப்பில், அதிபராகத் தேர்வானதுகூட என் உள்ளத்துக்கு இதில் பாதி மகிழ்ச்சியைத் தரவில்லை என்று எழுதினார். அதிபர் நாற்காலியில் இருந்துவிட்டுப் பிறகு பிரதிநிதிகள் சபை நாற்காலிக்கு வந்த ஒரே மனிதர் எழுதிய வரி அது. அதற்கு உங்கள் பதில் என்ன?

நன்றி, வணக்கம்.